ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரியும் மலையகத் தோட்டப் பாடசாலைகளும்

ஸ்ரீபாத தேசிய கல்வியியற் கல்லூரி இலங்கையின் நுவரெலியா மாவட்டத்தில், ஹட்டனிலிருந்து தலவாக்கலைக்குச் செல்லும் பெருந்தெருவில், கொட்டகலையைத் தாண்டி வரும் பத்தனையில் அமைந்துள்ளது. நாட்டிலுள்ள 19 தேசிய கல்வியியற் கல்லூரிகளுள் ஒன்றான இது 1990களின் தொடக்கத்தில் ஜெர்மன் அரசின் தொழில்நுட்ப உதவியோடு உருவானது. தேயிலைத் தோட்டத் தொழிலாளரின் பிள்ளைகளை ஆசிரியர்களாக்கி, அவர்கள் படித்து வந்த பாடசாலைகளுக்கே திருப்பி அனுப்ப வேண்டும் என்பது அதன் மூல நோக்கம். ஆகவே கல்லூரியின் வரலாற்றைச் சுற்றியுள்ள தோட்டப் பாடசாலைகளின் வரலாற்றோடு சேர்த்துத்தான் சொல்ல முடியும். பாடசாலைகள் அனுப்பும் பிள்ளைகளே கல்லூரியில் பயிலுநராகச் சேர்கிறார்கள், அவர்களே பின்னர் ஆசிரியராக அந்தப் பாடசாலைகளுக்குப் போகிறார்கள். இந்தச் சுற்று ஓடத் தொடங்குவதற்கு முன் மலையகம் ஒன்றரை நூற்றாண்டு காத்திருக்க நேர்ந்தது.

கோப்பிக் காலத்தில் தென்னிந்தியாவிலிருந்து வந்த தொழிலாளருக்குப் பாடசாலை என்று எதையும் அரசு தரவில்லை, தோட்டத் துரைமாரும் தரவில்லை. 1854இல் தொடங்கிய தமிழ்க் கூலி மிஷன் சில தோட்டங்களில் எழுத்தறிவைக் கொண்டுபோய்ச் சேர்த்தது. மற்ற இடங்களில் கங்காணியின் தயவிலும், எழுதப் படிக்கத் தெரிந்த யாராவது ஒருவரின் முயற்சியிலும் லயத்து வாசலில் பாடம் நடந்தது. 1920ஆம் ஆண்டுக் கல்விக் கட்டளைச் சட்டம் 6 வயது முதல் 10 வயது வரையான தோட்டப் பிள்ளைகளுக்குத் தாய்மொழிக் கல்வி தருவதைத் தோட்ட நிர்வாகத்தின் கடமையாக்கியது. பிள்ளைகளைக் கொழுந்தெடுக்க அனுப்பினால் உடனே கூலி வரும், பாடசாலைக்கு அனுப்பினால் நிர்வாகத்துக்குச் செலவு மட்டுமே மிஞ்சும். இப்படிப்பட்ட இடத்தில் கல்வியை நிர்வாகத்தின் பொறுப்பில் விட்டதுதான் அச்சட்டத்தின் அடிப்படைப் பலவீனம். பல தோட்டங்களில் பாடசாலை என்பது ஒரே மண்டபம், ஒரே ஆசிரியர், ஐந்து வகுப்பு. அந்த ஆசிரியருக்குச் சம்பளம் கொடுத்ததும் தோட்டமே.

1945இல் இலவசக் கல்வி வந்தபோது அதன் முழுப் பயன் தோட்டங்களுக்குள் வந்து சேரவில்லை. 1948ஆம் ஆண்டின் 18ஆம் இலக்கப் பிரஜாவுரிமைச் சட்டம் இந்திய வம்சாவளித் தொழிலாளரில் பெரும்பாலானோரை நாடற்றவராக்கியது. இதைக் கல்வி வரலாற்றில் ஓர் அரசியல் அடிக்குறிப்பாக மட்டும் எழுதிவிட்டுப் போகக் கூடாது. பிரஜாவுரிமை இல்லாதவருக்கு அரசாங்க உத்தியோகம் இல்லை, அரசாங்க உத்தியோகம் இல்லாதவர் அரசாங்க ஆசிரியராக முடியாது. ஒரு சமூகம் தன் பிள்ளைகளுக்குத் தானே ஆசிரியர்களைத் தரும் வழி சட்டத்தாலேயே அடைபட்டது. 1960, 1961 ஆண்டுகளில் உதவி பெறும் பாடசாலைகளை அரசு பொறுப்பேற்றபோதும் தோட்டப் பாடசாலைகள் வெளியிலேயே விடப்பட்டன. 1964இன் சிறிமா - சாஸ்திரி ஒப்பந்தத்தின்படி இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டனர். அவர்களோடு ஓரளவு படித்த குடும்பங்களும் கப்பலேறின.

1972, 1975 ஆண்டுகளின் காணிச் சீர்திருத்தங்கள் தோட்டங்களை அரசின் கைக்குக் கொண்டுவந்தன. அதன் பின், 1977 முதற்கொண்டு, தோட்டப் பாடசாலைகள் கட்டம் கட்டமாகக் கல்வி அமைச்சின் கீழ் வந்தன. பெயரளவில் அன்றே அவை அரசாங்கப் பாடசாலைகளாகிவிட்டன. ஆனால் கட்டடம், மேசை, நாற்காலி, ஆசிரியர் விடுதி, வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று எதை எடுத்தாலும் பற்றாக்குறை இருந்தது. யாழ்ப்பாணத்திலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் வந்த ஆசிரியர்களே நீண்ட காலம் இப்பாடசாலைகளைத் தாங்கினார்கள். அவர்களுள் மலையகத்துக்காக உழைத்து அங்கேயே வேர் விட்டவர்கள் உண்டு, அவர்களின் பெயரை இன்றும் ஊர் நன்றியோடு சொல்கிறது. ஆனாலும் முதல் நியமனத்துக்கு வந்துவிட்டு, இடமாற்றம் கிடைத்தவுடன் கீழே இறங்கிவிடுவோரே அதிகம். குளிரும், பஸ் வராத மலைப்பாதையும், தங்க இடமில்லாமையும் சேர்ந்த வாழ்க்கையை வெளியூர் இளைஞர் ஒருவர் எத்தனை ஆண்டுகளுக்குத் தாங்குவார்? தவணை நடுவே ஆசிரியர் போய்விட, அடுத்த தவணை வரை வகுப்பு வெறுமையாக இருந்தது.

1980களில் இரண்டு வேலைகள் பக்கத்துப் பக்கமாக நடந்தன. 1986 முதல் சுவீடன் அரசின் உதவி நிறுவனமான சீடா, தோட்டப் பாடசாலைக் கல்வி அபிவிருத்தித் திட்டத்தை ஆரம்பித்துப் படிப்படியாக விரித்தது. அந்தத் திட்டத்தின் கீழ் வகுப்பறைகளும் ஆசிரியர் விடுதிகளும் எழுந்தன, ஆசிரியர்களுக்குப் பயிற்சியும் கிடைத்தது. பாடசாலைக்கு இரண்டு ஏக்கர் காணியைத் தோட்டம் விட்டுக்கொடுக்க வேண்டும் என்ற கோரிக்கை அரசின் கொள்கையாகவே ஆனது. இன்னொரு பக்கம், தோட்டங்களிலேயே பிறந்து வளர்ந்து பரீட்சைகளில் சித்தியெய்திய இளைஞர்கள் ஆசிரிய நியமனம் பெற்றார்கள். அமைச்சராக இருந்த சௌமியமூர்த்தி தொண்டமானின் அரசியல் செல்வாக்கு இதற்குப் பெரிதும் உதவியது. இவர்கள் பயிற்சி பெறாத ஆசிரியர்கள். நியமனம் முதலில், பயிற்சி பிறகு என்ற நிலையில், கொட்டகலை அரசினர் ஆசிரியர் கலாசாலை அவர்களை உள்வாங்கிப் பயிற்றுவித்தது. மலையகத்தில் ஆசிரியர் கல்வி பற்றிய பேச்சில் பத்தனைக்கே வெளிச்சம் கிடைப்பது வழக்கம். கொட்டகலைக் கலாசாலையின் பங்கை அதற்குக் குறையாமல் மதிக்க வேண்டும்.

1986ஆம் ஆண்டின் 30ஆம் இலக்கக் கல்வியியற் கல்லூரிகள் சட்டம் இந்த வரிசையை மாற்றியது. க.பொ.த. உயர்தரத்தில் சித்தியடைந்தவரைத் தெரிந்தெடுத்து, வேலைக்கு அனுப்புவதற்கு முன்னரே பயிற்றுவிக்கும் முறை நாடெங்கும் வந்தது. பாடநெறி மூன்று ஆண்டு. முதல் இரண்டு ஆண்டுகள் கல்லூரி விடுதியில் தங்கிப் படிப்பு, மூன்றாம் ஆண்டு முழுவதும் ஒரு பாடசாலையில் கட்டுறுப் பயிற்சி. முடிவில் கற்பித்தலில் தேசிய டிப்ளோமாவும் ஆசிரியர் சேவையில் நியமனமும் கிடைக்கும். அதே 1986இல் அமெரிக்காவின் ஹோம்ஸ் குழு என்ற கல்வியியற் பீடாதிபதிகள் குழு வெளியிட்ட அறிக்கை, பல்கலைக்கழகக் கல்விப் பீடமும் ஊர்ப் பொதுப் பாடசாலையும் சேர்ந்தே ஆசிரியர்களை உருவாக்க வேண்டும் என்று வாதிட்டது. மருத்துவ மாணவருக்குப் போதனா வைத்தியசாலை எப்படியோ அப்படி ஆசிரிய மாணவருக்கு ஒரு பாடசாலை வேண்டும் என்பது அவர்களின் கருத்து. ஜோன் டூயி 1896இல் சிக்காகோ பல்கலைக்கழகத்தில் நிறுவிய ஆய்வுகூடப் பாடசாலை இந்த எண்ணத்துக்கு முன்னோடி. ஒக்ஸ்பேர்ட் பல்கலைக்கழகம் 1987இல் அயலிலுள்ள பாடசாலைகளோடு சேர்ந்து தன் ஆசிரிய மாணவருக்கான கட்டுறுப் பயிற்சித் திட்டத்தைத் தொடங்கியது. இலங்கையின் மூன்றாம் ஆண்டுக் கட்டுறுப் பயிற்சியும் இந்தக் குடும்பத்தைச் சேர்ந்ததே. ஆனால் இங்கே பயிலுநரை ஏற்கும் பாடசாலை, வசதி படைத்த மாதிரிப் பாடசாலை அல்ல. ஆசிரியர் போதாமல் தவிக்கும் பாடசாலைக்கே அவர் போகிறார்.

ஸ்ரீபாத கல்லூரி வந்த காலத்தையும் கவனிக்க வேண்டும். 1988ஆம் ஆண்டின் 39ஆம் இலக்கச் சட்டம் நாடற்றவருக்குப் பிரஜாவுரிமை வழங்க வழி செய்த சில ஆண்டுகளுக்குள் கல்லூரி திறந்தது. ஆசிரியராவதற்குச் சட்டத் தடை நீங்கிய தலைமுறைக்கு, ஆசிரியராகப் பயிலும் இடமும் தங்கள் மலையிலேயே கிடைத்தது. அனுமதியில் கூடிய பங்கு தோட்டச் சமூகத்துப் பிள்ளைகளுக்கு என்பது கல்லூரியின் பிறப்போடு வந்த ஏற்பாடு. அது சச்சரவுகளுக்கும் உள்ளானது, மற்றச் சமூகத்தவரிடமிருந்து எதிர்ப்புகள் எழுந்தன. தடுக்கப்பட்டுக் கிடந்த ஒரு சமூகத்துக்குத் தனியாகக் கதவு திறப்பது சலுகை ஆகாது. நூறாண்டுக்கு மேலாக மூடியிருந்த கதவை வேறு எந்த வழியிலும் திறந்திருக்க முடியாது.

கல்லூரியும் பாடசாலையும் மிக நெருங்கிப் பழகும் காலம் அந்த மூன்றாம் ஆண்டுதான். அதற்கு முன்னரே, கல்லூரியில் இருக்கும்போதே, பயிலுநர்கள் அயற் பாடசாலைகளில் சில வாரங்கள் கற்பித்தல் பயிற்சிக்குப் போவார்கள். பாடக்குறிப்புப் புத்தகம், மட்டையில் வெட்டி ஒட்டிய எழுத்து அட்டைகள், எண்ணுவதற்குச் சேர்த்த குச்சிகள், பின்வாங்கில் மதிப்பீட்டுப் படிவத்தோடு உட்கார்ந்திருக்கும் விரிவுரையாளர் என அந்த நாட்கள் போகும். கட்டுறுப் பயிற்சியில் இந்தப் பாதுகாப்பு குறைந்துவிடும். விரிவுரையாளர் இடைக்கிடையேதான் வருவார். மற்ற நாட்களில் அதிபரும், வழிகாட்ட ஒப்புக்கொண்ட மூத்த ஆசிரியரும்தான் துணை. அந்த மூத்தவருக்கோ தன் வகுப்பே தலைக்கு மேல் வேலை. ஓர் ஆண்டுக் காலம் ஒரு புதியவரைத் தட்டிக் கொடுத்துத் திருத்தும் அந்த உழைப்புக்கு நேரமோ கொடுப்பனவோ முறையாக ஒதுக்காமல் இருப்பது இந்த உறவின் பெரிய குறை. கல்லூரியின் பெயரில் நடக்கும் பயிற்சியில் பாதியைப் பாடசாலை செய்கிறது, ஆனால் அந்தப் பாதி ஏட்டில் ஏறுவதில்லை.

ஆடி மாத மழையில் தகரக் கூரைக்குக் கீழ் நடக்கும் ஒரு வகுப்பை எடுத்துக்கொள்வோம். மண்டபம் ஒன்று, தடுப்புச் சுவர் இல்லை, மூன்றாம் ஆண்டும் நான்காம் ஆண்டும் ஒன்றுக்கொன்று முதுகு காட்டி உட்கார்ந்திருக்கின்றன. மழை வலுத்தால் சேர் சொல்வது முதல் வாங்குக்குக்கூடக் கேட்காது. அனுபவப்பட்ட தோட்டத்து ஆசிரியர் அந்த நேரத்தில் குரலை உயர்த்துவதில்லை. ஒரு வகுப்புக்குக் கரும்பலகையில் கணக்கை எழுதிவிட்டு, மற்ற வகுப்பில் பெரிய பிள்ளைகளைச் சின்னப் பிள்ளைகளின் பக்கத்தில் உட்கார்த்தி வாசிக்க வைப்பார். மழை விட்டதும் பாடத்துக்குத் திரும்புவார். இதைத்தான் கல்வியியலாளர் பல்தர வகுப்புக் கற்பித்தல் என்று ஆராய்கிறார்கள். இந்தக் கலையைப் பயிலுநர் பெரும்பாலும் கற்பது பாடசாலையில்தான். ஆகவே கல்லூரி பாடசாலைக்குக் கற்றுக்கொடுக்கிறது என்ற ஒருவழி எண்ணம் இங்கே பொருந்தாது. அறிவு மேலிருந்து கீழும், கீழிருந்து மேலும் போகிறது.

பல்கலைக்கழகங்களும் இதில் பங்கெடுத்துள்ளன. இலண்டன் பல்கலைக்கழகக் கல்வி நிறுவனத்தின் பேராசிரியர் ஏஞ்சலா லிட்டில் மலையகத் தோட்டக் கல்வியின் வரலாற்றையும் அரசியல் பொருளாதாரத்தையும் ஆராய்ந்து 1999இல் ஒரு நூலை வெளியிட்டார். பல்தர வகுப்புகள் பற்றி அவர் முன்னின்று நடத்திய ஆய்வுகள் எடுத்துக்கொண்ட நாடுகளில் இலங்கையும் ஒன்று. கொழும்புப் பல்கலைக்கழகக் கல்விப் பீடத்தில் பேராசிரியர் சோ. சந்திரசேகரன் மலையகக் கல்வியைப் பற்றித் தமிழிலேயே தொடர்ந்து எழுதினார். கல்லூரி மாணவரும் தோட்டத்து ஆசிரியரும் ஆங்கிலத்தில் தேடாமல் தம் மொழியில் வாசிக்கக்கூடியதாக அந்த எழுத்து இருந்தது. ஓர் ஆய்வின் பயன் யாரைச் சேர வேண்டுமோ அவரைச் சேர்ந்த அபூர்வமான உதாரணம் இது. இலங்கைத் திறந்த பல்கலைக்கழகம் ஹட்டனில் ஒரு கற்கை நிலையத்தை நடத்துகிறது. டிப்ளோமாவோடு நின்றுவிடாமல், வேலையை விடாமலே பட்டமும் பட்டப்பின் டிப்ளோமாவும் படிக்க ஆசிரியர்களுக்கு அது வழி செய்தது. சனி, ஞாயிறு நாட்களில் பஸ் ஏறி ஹட்டனுக்கு வந்து படித்த தோட்டத்து ஆசிரியர்களில் பலர் இன்று அதிபர்களாகவும் ஆசிரிய ஆலோசகர்களாகவும் இருக்கிறார்கள்.

இத்தனைக்குப் பிறகும் சுற்றில் ஓர் இடம் அறுந்தே கிடக்கிறது. தோட்டப் பாடசாலைகளில் பெரும்பாலானவை ஆரம்ப வகுப்புகளோடு நிற்பவை, அல்லது சாதாரணதரம் வரை உள்ளவை. உயர்தர விஞ்ஞானமும் கணிதமும் படிப்பிக்கும் தமிழ் மொழிப் பாடசாலைகள் நுவரெலியா மாவட்டத்தில் சொற்பம். அதனால் விஞ்ஞானத்திலும் கணிதத்திலும் உயர்தரம் சித்தியடையும் தோட்டத்துப் பிள்ளைகள் குறைவு. அவர்கள் குறைவதால் கல்லூரியில் அத்துறைகளுக்கு வருவோரும், பின்னர் பாடசாலைகளுக்குத் திரும்பும் விஞ்ஞான, கணித ஆசிரியரும் குறைவு. ஆரம்பக் கல்வி ஆசிரியர்களைத் தருவதில் பத்தனை அடைந்த வெற்றி இந்த இடத்தில் வந்து முட்டுகிறது. கல்லூரி தனியாக நின்று இதைத் தீர்க்க முடியாது.

2015ஆம் ஆண்டளவில் பெருந்தோட்டப் பாடசாலைகளுக்கென ஆசிரிய உதவியாளர்கள் சுமார் 3,000 பேர் நியமிக்கப்பட்டார்கள். உயர்தரம் சித்தியடைந்த தோட்டத்து இளைஞர்கள் அவர்கள். ஆசிரியர் சம்பளம் இல்லை. மாதம் 6,000 ரூபாவாகத் தொடங்கிப் பின்னர் 10,000 ரூபாவான கொடுப்பனவு மட்டுமே. அந்தத் தொகையில் பஸ் கட்டணம் கொடுத்து மலையேறிப் போய் முழுநேரம் படிப்பித்தார்கள், பிறகு கொட்டகலையிலும் நாட்டின் மற்ற ஆசிரியர் கலாசாலைகளிலும் பயிற்சி முடித்து நிரந்தரமானார்கள். வெறுமையாகக் கிடந்த வகுப்புகள் நிரம்பியது உண்மை. ஆனால் 1986இன் சட்டம் கைவிட நினைத்த அதே வரிசைக்கு, நியமனம் முதலில், பயிற்சி பிறகு என்ற முறைக்கு, மலையகம் முப்பது ஆண்டுகளுக்குப் பின்னும் திரும்ப வேண்டியிருந்தது. அந்தச் செலவைச் சுமந்தது அரசல்ல, அந்த இளைஞர்கள்.

2020களில் தேசிய கல்வியியற் கல்லூரிகளை ஒன்றிணைத்துப் பட்டம் வழங்கும் நிறுவனமாக உயர்த்தும் யோசனையை அரசு முன்வைத்தது. ஆசிரியத் தொழிலுக்குப் பட்டமே நுழைவாயில் என்பது உலகப் போக்கு, பத்தனையும் அதிலிருந்து ஒதுங்கி நிற்க முடியாது. ஆனால் பட்டப் படிப்பின் காலம் கூடும்போது இரண்டு ஏற்பாடுகளைக் கைவிடக் கூடாது. தோட்டத்துப் பிள்ளைகளுக்கு உள்ள அனுமதிப் பங்கு ஒன்று. பாடசாலையில் முழு ஆண்டு நின்று கற்கும் கட்டுறுப் பயிற்சி மற்றது. அந்த ஆண்டில் பயிலுநருக்கு வழிகாட்டும் ஆசிரியரின் வேலையையும் பாடநெறியின் ஒரு பகுதியாக ஏற்று, அதற்கு நேரமும் கொடுப்பனவும் ஒதுக்க வேண்டும். ஹட்டன், நுவரெலியா கல்வி வலயங்களின் தோட்டப் பாடசாலைகள் பல ஆண்டுகளாக அந்த வேலையைச் செய்தே வருகின்றன.