புதினா: தண்டை வீசாதீங்க, தட்டில் தண்ணீர் தேங்க விடாதீங்க

பிரியாணிக்கு ஒரு கட்டு புதினா வாங்குகிறோம். இலையைக் கிள்ளிக்கொண்டு தண்டைக் குப்பையில் போடுகிறோம். மிச்சம் குளிர்பதனப் பெட்டியில் கறுத்துப்போகிறது. பிரிக்பீல்ட்ஸ் கடையிலோ, கிள்ளான் ஜாலான் தெங்கு கிளானாவிலோ, எங்கே வாங்கினாலும் அந்தத் தண்டிலேயே அடுத்த செடி இருக்கிறது. அடுக்குமாடி வீட்டுப் பால்கனியே அதற்குப் போதும். ஆனால், தொட்டிக்குக் கீழே இருக்கும் தட்டை மட்டும் மறந்துவிடக் கூடாது.

எப்படித் தொடங்குவது?

விதை தேட வேண்டாம். விதையில் முளைப்பது தாய்ச்செடியின் மணத்தோடு வரும் என்று சொல்ல முடியாது. தண்டில் வளரும் செடிக்கு அந்தக் கவலை இல்லை.

• வாடாத, பூச்சி இல்லாத தண்டாக நாலைந்து எடுங்க. ஒவ்வொன்றும் சுமார் 10 சென்டிமீட்டர் இருக்கட்டும். கணுவுக்குச் சற்றுக் கீழே வெட்டுங்க.
• கீழ் இலைகளை நீக்கி, கண்ணாடிக் குவளைத் தண்ணீரில் நிறுத்துங்க. இரண்டு நாளுக்கு ஒருமுறை தண்ணீரை மாற்றுங்க.
• ஒன்று, இரண்டு வாரத்தில் வேர் விடும். வேர் விரல் நீளம் வந்ததும் தொட்டிக்கு மாற்றலாம்.

புதினா பக்கவாட்டில் ஓடிப் படரும். அதனால் ஆழமான தொட்டியைவிட அகலமான தொட்டி நல்லது. அடியில் ஓட்டை கட்டாயம். மண்ணோடு மக்கிய உரமும் தேங்காய் நார்த்தூளும் கலந்தால் ஈரம் நிற்கும், தண்ணீர் தேங்காது.

நம்ம வெயிலுக்குத் தாங்குமா?

புதினா குளிர்ச்சியை விரும்பும் செடி. கேமரன் மலையில் செழிக்கும் அளவுக்குக் கிள்ளான் பள்ளத்தாக்கில் செழிக்காது. காலை வெயில் மூன்று, நான்கு மணி நேரம் படும் இடத்தில் வையுங்க. மதிய வெயிலில் இலை கருகும். வெளிச்சமே இல்லாவிட்டால் தண்டு ஒல்லியாக நீண்டு, இலை சிறுத்துப்போகும்.

இலையில் வெளிர் புள்ளியும் அடியில் மெல்லிய வலையும் தெரிந்தால் அது சிலந்திப்பேன். இலையின் அடிப்பக்கம் படும்படி தண்ணீரைப் பீய்ச்சுங்க. துருப்பிடித்தது போன்ற புள்ளி என்றால் பூஞ்சை. அந்தத் தண்டுகளை வெட்டி அப்புறப்படுத்துங்க.

இலையை மட்டும் கிள்ளாமல், கணுவுக்கு மேலே தண்டோடு வெட்டுங்க. அங்கிருந்து இரண்டு கிளை வரும். சில மாதங்களில் செடி சோர்ந்தால், நுனித் தண்டை வெட்டிப் புதிதாக நடுங்க.

சமையலைத் தாண்டி

துவையல், தயிர்ப் பச்சடி, பினாங்கு அசாம் லக்சா என்று எல்லாவற்றிலும் புதினாவுக்கு இடம் உண்டு. துவையலுக்கு இலை சுருங்கும் வரை வதக்கினால் போதும். அதிகம் வதக்கினால் நிறம் கறுக்கும். சாப்பிட்ட பிறகு புதினாத் தேநீர் பலருக்கு இதமாக இருக்கும். ஆனால் நெஞ்செரிச்சல் உள்ளவர்களுக்கு அது தொல்லையைக் கூட்டலாம். கைக்குழந்தையின் மூக்கருகே புதினா எண்ணெய் தடவ வேண்டாம்; மூச்சுத்திணறல் வரலாம்.

கொசுவை விரட்டுமா, வளர்க்குமா?

பால்கனியில் புதினா இருந்தால் கொசு வராது என்று நம்பிவிடக் கூடாது. தொட்டியில் சும்மா நிற்கும் செடி வீட்டைக் காக்காது. அதன் தட்டில் தேங்கும் தண்ணீரோ டிங்கியைப் பரப்பும் ஏடிஸ் கொசுவுக்கு வசதியான இடம். முட்டை கொசுவாக மாற ஒரு வாரம், பத்து நாளே போதும்.

தண்ணீரைக் கொட்டினால் மட்டும் வேலை முடியாது. ஏடிஸ் முட்டை தட்டின் ஓரத்தில் ஒட்டிக்கொண்டு, காய்ந்த நிலையிலும் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். வாரம் ஒருமுறை தட்டைத் தேய்த்துக் கழுவுங்க, அல்லது தட்டில் மணல் நிரப்புங்க. வேர் விடும் குவளையையும் மறக்காதீங்க.

1975ஆம் ஆண்டின் நோய் பரப்பும் பூச்சிகள் அழிப்புச் சட்டத்தின்படி, வீட்டில் கொசு பெருக இடம் கொடுப்பது குற்றம். சுகாதார அமைச்சு கேட்பது வாரத்துக்கு 10 நிமிடம். புதினாவுக்குத் தண்ணீர் ஊற்றும்போதே தட்டையும் ஒருமுறை பார்த்துவிடலாம்.