தண்டில்லாமல் வரைந்த பால்வெளி



பால்வெளியை விளக்கும்போது வெண்பலகையில் காற்றாடி போன்ற சுருள் ஒன்றை வரைவது என் வழக்கம். பல ஆண்டுகள் அவ்வாறே வரைந்தேன். அது பிழை. நமது பால்வெளி தண்டுச் சுருள் வகையைச் சார்ந்தது. அதன் நடுவே விண்மீன்கள் நீண்ட தண்டாகத் திரண்டுள்ளன. சுருள் கைகள் அத்தண்டின் முனைகளை ஒட்டித் தொடங்குகின்றன.

எட்வின் ஹபிள் 1926இல் இதனைத் தனிவகையாகப் பிரித்தார். பிற மண்டலங்களின் தண்டைத் தொலைநோக்கிப் படத்திலேயே காணலாம். நாமோ பால்வெளிக்குள்ளேயே வாழ்கின்றோம். சூலை மாத இரவில் தாசேக் கெலுகோர் செம்பனைத் தோட்ட ஓரத்தில் நின்று தெற்கே நோக்கினால், தனுசு விண்மீன் குழுவின் திசையில் மங்கிய ஒளிப்பட்டை மட்டுமே தெரியும். மையத்தைத் தூசு மறைத்துவிடுகிறது. வாயுக்களின் ஓட்டத்தைக் கொண்டு, அங்கே தண்டு இருத்தல் வேண்டும் என்று 1964இல் ஜெரார் தெ வோக்குலேர் வாதிட்டார். 2005இல்தான் ஸ்பிட்சர் விண்வெளித் தொலைநோக்கி, தூசியை ஊடுருவும் அகச்சிவப்புக் கதிர்களின் துணையால் அதனைத் தெளிவாகக் காட்டியது. நீளம் ஏறத்தாழ 27,000 ஒளியாண்டு எனக் கணக்கிட்டனர்.

தண்டு ஏன் தோன்றுகிறது? இங்கேதான் நம்மவர் ஒருவர் வருகிறார். சுழலும் திரவக் கோளம் முதலில் ஆரஞ்சுப் பழம்போல் தட்டையாகும். சுழற்சி ஒரு வரம்பைக் கடந்தால் வட்டம் குலைந்து நீள்வடிவம் கொள்ளும். மெக்லாரின், ஜேகோபி முதலிய கணித அறிஞர்கள் விட்டுச்சென்ற இக்கணக்கைச் சென்னையில் வளர்ந்த சுப்பிரமணியன் சந்திரசேகர் 1960களில் மீண்டும் எடுத்து ஆராய்ந்து, 1969இல் நூலாக்கினார். எவருக்கும் பழங்கணக்காகவே தோன்றியிருக்கக்கூடிய வேலை!

சிக்காகோவில் அவரிடம் முனைவர் பட்டம் பெற்ற ஜெரமையா ஆஸ்திரைக்கர், ஜேம்ஸ் பீபிள்ஸுடன் சேர்ந்து, சில நூறு புள்ளிகளை விண்மீன்களாகக் கொண்டு கணினியில் ஒரு தட்டைச் சுழலவிட்டார். 1973இல் வெளிவந்த முடிவு வியப்பானது. தட்டு விரைவிலேயே தண்டாக உருமாறியது! சுழற்சி ஆற்றலுக்கும் ஈர்ப்பு ஆற்றலுக்கும் உள்ள விகிதம் ஏறத்தாழ 0.14ஐத் தாண்டினால் தட்டு நிலைகுலையும். திரவக் கோளத்தின் வரம்பும் ஏறக்குறைய அதுவே. தட்டு நிலைத்திருக்கக் கண்ணுக்குப் புலப்படாத பொருள் அதனைச் சூழ்ந்திருக்க வேண்டும் என்றும் அவர்கள் எழுதினர். கரும்பொருள் கருத்துக்கு வலுவூட்டிய ஆய்வுகளுள் இதுவும் ஒன்று.

சந்திரசேகர் என்றால் 1983ஆம் ஆண்டு நோபல் பரிசோடு நாம் பாடத்தை முடித்துவிடுகிறோம்.

இப்போதெல்லாம் முதலில் தண்டை இழுத்துவிட்டுப் பிறகே கைகளை வரைகின்றேன். மையத்திலிருந்து ஏறத்தாழ 26,000 ஒளியாண்டு தள்ளிச் சூரியனைக் குறிப்பது மாணவர்களின் வேலை. என் பழைய மாணவர்களின் நோட்டுப் புத்தகங்கள் இன்னும் வீட்டில் இருந்தால், பெற்றோர்கள் அருள்கூர்ந்து சுருளின் நடுவே ஒரு தண்டைச் சேர்த்துவிடுங்கள்.