கருவிழிக்குப் பின்னால்

சுங்கை சிப்புட் பக்கத்துத் தோட்டமொன்றில் பெரியப்பா பால் ஸ்டோரில் வேலை செய்தார். ரப்பர் பாலை உறைய வைக்கும் பார்மிக் அமிலத்தை அங்கே வெறும் ‘ஆசிட்’ என்றுதான் சொல்வார்கள். அது தெறித்துத்தான் அவருடைய வலது கருவிழி வெளுத்தது. தோட்டம் துண்டாடப்பட்டு ஈப்போவில் குடியேறிய பிறகு கருவிழி மாற்று அறுவை நடந்தது. “காலண்டர்ல தேதி தெரியுதுடா” என்றார். அடுத்த தீபாவளிக்குள் ஓரங்கள் இருண்டன. கண்ணில் பிரஷர் ஏறிவிட்டது என்றார் டாக்டர். பெரியம்மா நம்பவில்லை. “கண்ணு பளபளன்னுதானே இருக்கு?”

அந்தக் கேள்விக்கு இந்த அறுவையின் வரலாற்றுக் கதைகளில் இடமில்லை. 1905 டிசம்பர் 7 அன்று எட்வர்ட் சிர்ம், இன்றைய செக் நாட்டு ஓலோமொக் ஊரில், சுண்ணாம்பு பட்டு வெந்த ஒரு கூலித்தொழிலாளியின் கண்ணில் கருவிழி பொருத்தி வென்றார். சென்னை எழும்பூர் கண் மருத்துவமனையில் டாக்டர் ஆர்.இ.எஸ். முத்தையா 1945இல் கண் வங்கி தொடங்கி, 1948இல் இந்தியாவின் முதல் கருவிழி மாற்றைச் செய்தார். (எங்கள் பக்கம் 1948 என்றால் வேறு நினைவு: ஜூனில் வெள்ளைக்காரத் துரைமார்கள் சுடப்பட்டதும் அவசரகாலமும்தான்.) கட்டு அவிழ்த்ததும் நோயாளி பார்த்தார் என்பதோடு இந்தக் கதைகள் முடிந்துவிடும்.

பிறகு நடப்பதை எழுத ஆள் குறைவு. மாற்று அறுவைக்குப் பின் ஏறும் கண் அழுத்தத்தைப் பற்றி இர்வினும் காஃப்மனும் 1969இல் எழுதினார்கள். கண்ணுக்குள் சுரக்கும் நீர் வெளியேறும் கோணம் வீக்கத்தாலோ தழும்பாலோ ஒட்டிக்கொள்கிறது. அமிலம் பட்ட கண்ணில் அந்த வழி முன்பே பழுதாகியிருக்கும். இதில் ஒரு கொடுமை உண்டு. புதுக் கருவிழியை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் ஸ்டீராய்டு சொட்டு மருந்தே சிலருக்கு அழுத்தத்தை ஏற்றும். நாமாக நிறுத்தினால் கருவிழி போகும். அளக்காமல் தொடர்ந்தால் பார்வை நரம்பு போகும். அளவெடுப்பதும் லேசில்லை. கருவி கருவிழியை அழுத்தித்தான் அளக்கிறது. தையலும் வீக்கமும் உள்ள கருவிழியில் எண் பிசகும்.

1968இல் கெயர்ன்ஸ் விவரித்த டிராபெகுலெக்டமி, 1978இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற டிமோலால் சொட்டு, பிறகு வந்த வடிகுழாய்கள் எல்லாம் மிச்சமிருக்கும் பார்வையைக் காப்பவைதான். போனதை மீட்பதில்லை.

“இன்னொரு கருவிழி வச்சா?” என்று பெரியப்பா கேட்டார். டாக்டர் தலையாட்டினார். கருவிழி நன்றாகத்தான் இருந்தது. நரம்புக்கு மாற்று கிடையாது. நன்றாகத் தெரிந்ததால் நடுவில் இரண்டு செக்-அப்புக்குப் போகவில்லை என்று அப்போதுதான் சொன்னார்.

பெரியம்மா இப்போது மருந்துப் புட்டிகளில் நூல் கட்டி வைத்திருக்கிறார். கருவிழிக்குச் சிவப்பு, பிரஷருக்குப் பச்சை.