அல்ட்ரா வைட்பேண்ட்: கூச்சலில் பிறந்து கிசுகிசுப்பில் வாழும் அலை

கல்லணைக்கு வந்து சேரும் தண்ணீர் காவிரி, வெண்ணாறு, கல்லணைக் கால்வாய், கொள்ளிடம் என்று நான்காகப் பிரிகிறது. பிறகு கிளை வாய்க்கால், கன்னி வாய்க்கால் என்று பிரிந்து பிரிந்து வயலுக்குள் போகிறது. எந்த மடைக்கு எப்போது தண்ணீர் என்பதற்கு முறை உண்டு. முறை தவறினால் தஞ்சை மாவட்டத்தில் என்ன நடக்கும் என்று சொல்லத் தேவையில்லை!

வானத்தில் போகும் ரேடியோ அலைகளுக்கும் இதே கதைதான். வானொலிக்கு ஒரு வாய்க்கால், டிவிக்கு ஒன்று, செல்போனுக்கு ஒன்று. ஸ்பெக்ட்ரம் ஏலம் என்று செய்தியில் வருவது இந்த வாய்க்கால்களுக்கான ஏலமே. ஆனால் அல்ட்ரா வைட்பேண்ட் (சுருக்கமாக யு.டபிள்யூ.பி.) என்ற தொழில்நுட்பம் தனக்கென்று வாய்க்கால் கேட்பதில்லை. எல்லோருடைய வயல் மீதும் பனி போல லேசாக இறங்குகிறது. இது புதுக் கண்டுபிடிப்பு என்று பலர் நினைக்கிறார்கள். உண்மையில் கம்பியில்லாத் தொடர்பு பிறந்ததே இப்படி அகன்ற அலையாகத்தான்.

தீப்பொறிக் காலம்

1887-ல் ஜெர்மனியில் ஹெர்ட்ஸ் ரேடியோ அலைகளை உண்டாக்கியது தீப்பொறி மூலம். 1890களின் நடுவில் கல்கத்தாவில் ஜகதீஷ் சந்திர போஸ் சுவர்களைத் தாண்டி அலையை அனுப்பி, மணியை ஒலிக்க வைத்தார், வெடிமருந்தைப் பற்ற வைத்தார். அதுவும் தீப்பொறிதான். 1901-ல் மார்க்கோனி அட்லாண்டிக் கடலைத் தாண்டி அனுப்பிய சமிக்ஞையும் அப்படியே.

தீப்பொறி ஒரு நொடிக்குள் வந்து மறையும் சிறு வெடிப்பு. இயற்பியலில் ஒரு விதி உண்டு: துடிப்பு எவ்வளவு குறுகிய நேரம் நீடிக்கிறதோ, அவ்வளவு அகலமாக அதன் அலைகள் பரவும். ஆகவே தீப்பொறிக் கருவி பேசினால் அக்கம்பக்கத்து அலைவரிசைகளிலும் இரைச்சல் கேட்கும். கரை உடைத்த வெள்ளம் மாதிரி!

எம்டனும் தீப்பொறியும்

இந்தக் குணம் எவ்வளவு பெரிய விஷயம் என்பதைக் காட்டும் சம்பவம் தமிழர்களுக்குத் தெரிந்த கப்பலோடு சம்பந்தப்பட்டது. 1914 செப்டம்பர் 22 இரவு ஜெர்மன் போர்க்கப்பல் எம்டன் சென்னைத் துறைமுகத்தின் மீது குண்டு வீசியது. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் எரிந்தன. உயர் நீதிமன்றச் சுவரில் இதைச் சொல்லும் கல்வெட்டு இருக்கிறது. "அவன் பெரிய எம்டன்" என்ற பேச்சு வழக்கும் அப்போது வந்ததே. அடுத்த மாதம் 28-ம் தேதி எம்டன் பினாங்கு துறைமுகத்துக்குள் புகுந்து ஒரு ரஷ்யக் கப்பலை மூழ்கடித்தது. நாகப்பட்டினத்தில் கப்பல் ஏறிய தஞ்சைக் கூலித் தொழிலாளர்கள் பிழைப்புத் தேடிப் போய் இறங்கிய அதே பினாங்கு.

நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவுகளில் இருந்த தந்தி நிலையத்தை அழிக்க எம்டன் வந்தது. நிலையத்தில் இருந்தவர்கள் வயர்லெஸ்ஸில் உதவி கேட்டார்கள். எம்டன் தன் வயர்லெஸ்ஸால் இரைச்சல் எழுப்பி அந்தச் செய்தியை அமுக்கப் பார்த்தது. முடியவில்லை. பக்கத்தில் போய்க்கொண்டிருந்த ஆஸ்திரேலியக் கப்பல் சிட்னிக்குச் செய்தி கேட்டுவிட்டது. சில மணி நேரத்தில் எம்டன் கதை முடிந்தது.

ஒருவர் பேச்சை இன்னொருவர் எளிதில் கெடுக்கலாம் என்பது போரில் ஆயுதம். சமாதான காலத்தில் அதுவே தொல்லை. 1927-ல் வாஷிங்டனில் கூடிய சர்வதேச மாநாடு தீப்பொறிக் கருவிகளுக்குக் கடிவாளம் போட்டது. அதன்பின் அவை படிப்படியாக மறைந்தன. குறுகிய வாய்க்கால்களின் காலம் ஆரம்பமானது.

மீண்டும் வந்த அலை

அகன்ற அலை அதோடு செத்துவிடவில்லை. ராடார் ஆராய்ச்சியில் உயிரோடு இருந்தது. 1973-ல் ஜெரால்ட் ராஸ் என்ற அமெரிக்கர் குறுந்துடிப்புகளால் செய்தி அனுப்பும் முறைக்குக் காப்புரிமை பெற்றார். 2002 பிப்ரவரி 14 அன்று அமெரிக்கத் தொலைத்தொடர்பு ஆணையம் 3.1 முதல் 10.6 கிகாஹெர்ட்ஸ் வரை உரிமம் இல்லாமல் பயன்படுத்த அனுமதித்தது. நிபந்தனை ஒன்றுதான்: சத்தம் போடக் கூடாது. மொத்த 7500 மெகாஹெர்ட்ஸ் அகலத்திலும் சேர்த்து அனுப்பக்கூடிய சக்தி சுமார் அரை மில்லிவாட். ஒரு 4ஜி செல்போன் அதிகபட்சமாக அனுப்புவது 200 மில்லிவாட் அளவு. மற்றவர்களுடைய கருவிகளுக்கு யு.டபிள்யூ.பி. வெறும் பின்னணி இரைச்சலாகத்தான் தெரியும்.

முதலில் கேபிள் இல்லாத யு.எஸ்.பி. என்று இதைக் கொண்டாடினார்கள். மூன்று மீட்டருக்குள் நொடிக்கு 480 மெகாபிட். ஆனால் கம்பெனிகள் இரண்டு அணியாகப் பிரிந்து சண்டை போட்டன. தரநிலை வகுக்க அமைத்த ஐ.இ.இ.இ. குழு 2006 ஜனவரியில் கலைந்தது. வைஃபை முந்திக்கொண்டது.

என்ன பயன்?

இதன் உண்மையான திறமை வேகம் அல்ல, தூரத்தை அளப்பது. ரேடியோ அலை ஒரு நானோ நொடியில் 30 செ.மீ. போகும். துடிப்பு குறுகியதாக இருப்பதால் அது வந்து சேர்ந்த நேரத்தைத் துல்லியமாகக் கணிக்கலாம். தூரத்தை சுமார் 10 செ.மீ. பிழைக்குள் சொல்லலாம். 2019-ல் ஐபோன் 11-ல் இந்தச் சிப் வந்தது. தொலைந்த பொருளைத் தேடும் ஏர்டேக் 2021-ல் வந்தது. கார்ச் சாவியின் சமிக்ஞையைத் தூரத்துக்குக் கடத்தித் திருடும் கூட்டத்துக்கும் இது முட்டுக்கட்டை. சாவி எவ்வளவு தொலைவில் இருக்கிறது என்று கார் அளந்துவிடுமே!

மண்ணுக்குள் பார்க்கும் ராடாரும் இந்தக் குடும்பம்தான். தோண்டாமலே புதைந்த குழாயையும் பழைய சுவரையும் காட்டும். ஆனால் டெல்டாவில் ஒரு சிக்கல். ஈரக் களிமண் ரேடியோ அலையை உறிஞ்சிவிடும். காய்ந்த மணலில் பல மீட்டர் ஆழம் பார்க்கும் கருவி, நெல் வயலின் சேற்றில் கொஞ்ச ஆழத்திலேயே குருடாகிவிடும்.

கிராமத்துக்கு இணையம் கொண்டுவரவும் இது உதவாது. அதற்குத் தூரம் போகும் அலை வேண்டும். 1990களில் சென்னை ஐ.ஐ.டி. உருவாக்கிய கார்டெக்ட் பத்து கிலோமீட்டர் போனது. 2004-ல் திருவையாற்றில் எம்.எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் தொடங்கிய கிராம வள மையம் செயற்கைக்கோளை நம்பியது. யு.டபிள்யூ.பி. ஒரு வீட்டுக்குள், ஒரு கிடங்குக்குள் வேலை செய்யும் ஆள்.

ஒரு பொதுச் சொத்தைப் பங்கிட இரண்டு வழி உண்டு. ஒன்று, வரப்புப் போட்டுப் பிரிப்பது. இன்னொன்று, யாருக்கும் குறையாத அளவு எல்லோரும் கொஞ்சமாக எடுப்பது. தீப்பொறியை உலகம் விரட்டியது அது அகலமாக இருந்ததற்காக மட்டும் அல்ல, கத்தியதற்காக. அளவோடு பேசக் கற்றுக்கொண்டதும் அதே அகலத்துக்கு இடம் கிடைத்துவிட்டது.