முனை விரிந்த தடித்த எழுத்து: மாமல்லைக் கல்வெட்டுகள் வழி ஓர் ஆய்வு

1. வரையறை

எழுத்தின் தண்டு நடுவில் ஒடுங்கி, முனையில் சிறிது சிறிதாக அகன்று முடிந்தால் அது விரிமுனை எழுத்து. தனியே ஒட்டிய செரிஃப் (கோட்டின் முனையில் சேரும் சிறு குறுக்குக்கோடு) இதில் இருக்காது. 1930களில் பெர்தோல்டு வோல்பெ மோனோடைப் நிறுவனத்துக்காக வரைந்த ஆல்பர்ட்டஸ் எழுத்துரு இவ்வகையில் புகழ்பெற்றது. வெண்கலத்தில் எழுத்து புடைத்து நிற்கும்படி சுற்றுப்புறத்தை வெட்டி நீக்கும் தொழிலிலிருந்து அது பிறந்தது. தமிழுக்கு அத்தகைய எழுத்துரு வேண்டுமென்றால், ஆல்பர்ட்டஸின் முனையைக் கொண்டுவந்து பொருத்தக் கூடாது; செங்கல்பட்டுக் கடற்கரையில் உள்ள மாமல்லையின் (மாமல்லபுரம்) கல்லிலிருந்து தொடங்க வேண்டும் என்பதே என் வாதம்.

2. கல்லில் கண்டவை

மாமல்லையின் ஒற்றைக்கல் கோயிலான தர்மராஜ ரதத்தில் நரசிம்மன், அத்யந்தகாமன் முதலிய பெயர்களும் விருதுகளும் (அரசனின் சிறப்புப் பெயர்கள்) பல்லவ கிரந்த எழுத்தில் தனித்தனியே வெட்டப்பட்டுள்ளன. நெடுங்கோடுகளின் தலையில் சிறு தடிப்பு உண்டு. 'க', 'ர' ஆகியவற்றின் தண்டு கீழிறங்கி இடப்புறம் மேல்நோக்கி வளையும். சாய்ந்த வெயிலில் அந்தத் தலைத்தடிப்பு நிழலை ஏந்துவதால்தான் எழுத்து கல்லிலிருந்து பிரிந்து தெரிகிறது. முனையின் வேலை அலங்காரம் மட்டுமன்று, நிழலைப் பிடிப்பதும்தான்.

ரோமானியக் கல்லெழுத்தின் முனை, உளிக்கு முன்பே தட்டைத் தூரிகையில் உருவானது என்று எழுத்தாய்வாளர் எட்வர்டு கேட்டிச் 1968இல் வாதிட்டார். கணேச ரதத்துச் செய்யுள் வரிகளின் ஒழுங்கைப் பார்த்தால், இங்கும் வரைந்துகொண்ட பிறகே வெட்டினார்கள் என்று கொள்ள இடமுண்டு.

2.1 விருதும் செய்யுளும்

மாமல்லையை அடுத்த சாளுவன்குப்பம் அதிரணசண்டக் குடைவரையில் ஒரே வடமொழிச் செய்யுள்கள் ஒரு சுவரில் கிரந்தத்திலும் எதிர்ச்சுவரில் நாகரியிலும் உள்ளன. அங்கே வரிவரியாகத் தொடர்ந்து படிக்க வேண்டும். ரதத்தின் விருதுகளையோ நின்ற இடத்திலிருந்தே ஒரே பார்வையில் வாங்கிக்கொள்ளலாம். தடித்த விரிமுனை எழுத்து இப்படி ஒரே பார்வையில் படிப்பதற்கே உரியது.

3. தமிழ் வடிவில்

இதுவரை கண்டவை கிரந்த எழுத்துகள். செங்கல்பட்டை அடுத்த வல்லத்திலோ, பல்லவ மன்னன் மகேந்திரவர்மன் காலத்தில் கந்தசேனன் எடுத்த குடைவரையின் கல்வெட்டு தமிழிலேயே உள்ளது. தமிழ் வடிவத்துக்கு நாம் திரும்பிப் பார்க்க வேண்டிய இடம் அது.

ட, ப, ம போன்றவற்றில் நேர்கோடு திறந்து முடிகிறது; விரிவு அங்கே இயல்பாக அமரும். ண, ன, ழ ஆகியவற்றின் சுழிக்குள் தடிப்பை ஏற்றினால் உள்வெளி அடைபட்டு எழுத்து கருந்திட்டாகிவிடும். ஆகவே சுழிக் கோடு தண்டைவிட மெலிந்திருக்க வேண்டும். விரிவு வெளி முனைகளோடு நிற்க வேண்டும். இந்த வேறுபாட்டைக் கவனிக்காமல் எல்லாக் கோடுகளையும் ஒரே அளவில் தடிக்கச் செய்வதே இன்றைய பல தடித்த எழுத்துருக்களின் குறை. புள்ளிக்கு மட்டும் கல் வழிகாட்டாது, ஏனெனில் பழங்கல்வெட்டுகளில் அது பெரும்பாலும் விடுபட்டிருக்கும். தண்டின் தடிப்பைவிடச் சற்றே பெரிய புள்ளி, எழுத்திலிருந்து நன்றாக விலகி நின்றால் போதும் என்று கருதுகிறேன்.

4. பயன்

நூலின் அட்டை, கோயில் திருப்பணிக் கல், ஊர்ப் பெயர்ப்பலகை ஆகியவை இதற்கேற்ற இடங்கள். இரண்டு மூன்று சொற்களுக்கு மேல் போகாமல், எழுத்துகளுக்கிடையே தாராளமாக இடம் விட வேண்டும். தொடர்ந்து படிக்கும் உரைப்பகுதிக்கு, குறிப்பாகச் செய்தித்தாள் அளவில், இது ஆகாது: முனைவிரிவு மையில் கரைந்து வெறும் தடிப்பு மட்டுமே எஞ்சும்.