அரசு ஊழியர் சங்கச் சொற்களும் அவற்றின் வரலாறும்

இந்தியாவில் அரசு ஊழியர் சங்கங்கள் பயன்படுத்தும் சொற்கள் பலவும் ஆலைத் தொழிலாளர் இயக்கத்திலிருந்து வந்தவை. அரசு அலுவலகத்துக்குள் நுழைந்தபோது அவற்றின் சட்டப் பொருள் மாறியது. ஒரு சொல்லுக்கு நீதிமன்றம் தந்த விளக்கம் பல்லாயிரம் பேரின் வேலையை முடிவு செய்த சந்தர்ப்பங்களும் உண்டு.

‘தொழிற்சங்கம்’ என்ற சொல்லிலேயே இச்சிக்கல் தொடங்குகிறது. தொழிற்சங்கச் சட்டம் 1926இல் இயற்றப்பட்டு, 1927இல் நடைமுறைக்கு வந்தது. தமிழ்நாட்டின் அரசிதழ்ப் பதிவு பெறாத அலுவலர் ஒன்றியம் இச்சட்டத்தின் கீழ்ப் பதிவு கோரியபோது சென்னை உயர்நீதிமன்றம் அதை ஏற்கவில்லை. அரசின் இறையாண்மைப் பணிகளைச் செய்வோர் தொழில் ஒன்றில் ஈடுபட்ட ‘தொழிலாளர்’ ஆகமாட்டார் என்பது அதன் கருத்து. ரயில்வே ஊழியருக்கும் அஞ்சல் ஊழியருக்கும் தொழிற்சங்கம் இருக்க, தாலுகா அலுவலக எழுத்தருக்கு இருப்பது பெரும்பாலும் ‘சங்கம்’ மட்டுமே.

சங்கம் அமைப்பது வேறு, ‘அங்கீகாரம்’ பெறுவது வேறு. அங்கீகாரம் பெற்ற சங்கத்துடன்தான் நிர்வாகம் முறைப்படி பேசும். அங்கீகாரமில்லாத சங்கத்தில் ஊழியர் சேரவே கூடாது என்று மத்திய அரசின் நடத்தை விதி ஒன்று ஒரு காலத்தில் தடுத்தது. மும்பைக் கணக்காயர் அலுவலக ஊழியர் ஈ.எக்ஸ். ஜோசப் தொடர்பான வழக்கில் உச்ச நீதிமன்றம் 1962இல் அவ்விதியைச் செல்லாததாக்கியது. மத்திய அரசின் 1993ஆம் ஆண்டு விதிகளின்படி, ஒரு பிரிவு ஊழியரில் குறைந்தது 35 விழுக்காட்டினர் உறுப்பினராக உள்ள சங்கம் அங்கீகாரம் கோரலாம். உறுப்பினர் எண்ணிக்கையைச் சரிபார்க்கச் சம்பளத்திலிருந்து சந்தா பிடிக்கும் முறை உதவுகிறது.

இவற்றுள் அதிகம் சர்ச்சைக்குள்ளான சொல் ‘வேலைநிறுத்தம்’. 1947ஆம் ஆண்டின் தொழில் தகராறுகள் சட்டம் பொதுப் பயன்பாட்டுச் சேவைகளில்கூட வேலைநிறுத்தத்தை முற்றாகத் தடுக்கவில்லை, முன்னறிவிப்பையே கேட்டது. அரசு ஊழியரின் நடத்தை விதிகளோ அதை அடியோடு விலக்கின. இரண்டாவது ஊதியக் குழு குறைந்தபட்ச ஊதியத்தை மாதம் 80 ரூபாயாகப் பரிந்துரைத்ததால் எழுந்த அதிருப்தியில், 1960 ஜூலையில் மத்திய அரசு ஊழியர் ஐந்து நாள் வேலைநிறுத்தம் செய்தனர். அரசு அவசரச் சட்டத்தால் அதைத் தடை செய்தது. 1968 செப்டம்பர் 19 அன்று நடந்த ஒருநாள் வேலைநிறுத்தத்தின்போதும் அதுவே நடந்தது. அவ்வாண்டு இயற்றப்பட்ட அத்தியாவசியப் பணிகள் பராமரிப்புச் சட்டம்தான் ‘எஸ்மா’ என்ற பெயரை அலுவலகங்களில் புழங்க வைத்தது.

இவ்விரு வேலைநிறுத்தங்களுக்கும் நடுவே, 1966இல் ‘கூட்டு ஆலோசனை அமைப்பு’ உருவானது. பிரிட்டனின் விட்லி குழுக்கள் இதற்கு முன்மாதிரி. ஆலைகளில் வழங்கும் ‘கூட்டுப் பேரம்’ என்ற சொல்லைத் தவிர்த்து ‘ஆலோசனை’ என்று பெயரிட்டது தற்செயலாகத் தெரியவில்லை. பேச்சு முறிந்தால் ஊதியமும் படிகளும், வார வேலை நேரம், விடுப்பு ஆகிய மூன்று பொருள்களில் மட்டுமே ‘கட்டாய நடுவர் தீர்ப்பு’ கோரலாம். அதிலும் நாடாளுமன்றத்துக்கே இறுதி அதிகாரம்.

‘விதிப்படி வேலை’ விசித்திரமான போராட்ட முறை. யாரும் வேலையை விடுவதில்லை. கையேட்டில் உள்ள ஒவ்வொரு விதியையும் எழுத்துப் பிசகாமல் பின்பற்றுவார்கள், வேலை தானாகத் தேங்கிவிடும். விதிகள் கச்சிதமாகக் கடைப்பிடிக்கப்பட்டால் நிர்வாகம் நின்றுபோகும் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டியதில்லை. ரயில் எஞ்சின் ஓட்டுநர்கள் நடத்திய போராட்டங்களுக்குப் பின் 1973இல் பத்து மணி நேரப் பணி வரம்பை அரசு ஏற்றது. அந்த வரம்பு சரிவர நடைமுறைக்கு வராதது, 1974 மே 8 முதல் 27 வரை ஜார்ஜ் பெர்னாண்டஸ் தலைமையில் நடந்த ரயில்வே வேலைநிறுத்தத்தின் காரணங்களுள் ஒன்று.

போராட்டம் முடிந்தபின் ஊழியர் எதிர்கொள்ளும் சொற்கள் வேறு. ‘வேலை இல்லையேல் ஊதியம் இல்லை’ என்பது அந்நாள் சம்பளத்தோடு போகும். ‘டைஸ் நான்’ என்று குறிக்கப்பட்ட நாள் பணிக்காலக் கணக்கில் சேராது. ‘பணி முறிவு’ இவற்றினும் கொடியது. முந்தைய ஆண்டுகளின் பணிக்காலத்தையும் அதைச் சார்ந்த உரிமைகளையும் அது பாதிக்கக்கூடும்.

தமிழ்நாட்டில் இச்சொற்கள் அனைத்தும் ஒருசேரப் பேசப்பட்ட காலம் 2003. ஓய்வூதியச் சலுகைகள் உள்ளிட்டவை குறைக்கப்பட்டதை எதிர்த்து அரசு ஊழியரும் ஆசிரியரும் ஜூலை 2 முதல் வேலைநிறுத்தத்தில் இறங்கினர். 2002இல் இயற்றப்பட்ட மாநிலச் சட்டமான ‘டெஸ்மா’ அவசரச் சட்டத்தால் திருத்தப்பட்டது. விசாரணையின்றி ஏறத்தாழ 1,70,000 பேர் பணிநீக்கம் செய்யப்பட்டனர். டி.கே. ரங்கராஜன் தொடுத்த வழக்கில் ஆகஸ்டு 6 அன்று தீர்ப்பளித்த உச்ச நீதிமன்றம், அரசு ஊழியருக்கு வேலைநிறுத்தம் செய்ய அடிப்படை உரிமையோ சட்ட உரிமையோ தார்மீக உரிமையோ கிடையாது என்றது. முதலிரண்டும் பழைய தீர்ப்புகளின் தொடர்ச்சி. ‘தார்மீகம்’ என்ற மூன்றாவது சொல்தான் சங்கங்களைக் கொதிக்க வைத்தது. சட்ட அறிஞர் பலரும் அதைக் குறைகூறினர். வழக்கு நடந்த நாள்களில் அரசு பெரும்பாலோரை மீண்டும் பணியில் சேர்க்க இசைந்தது. அதற்காக அவர்கள் நிபந்தனையற்ற மன்னிப்பும், இனி வேலைநிறுத்தம் செய்வதில்லை என்ற உறுதிமொழியும் எழுதித் தர வேண்டியிருந்தது.