தங்கவயலும் ஹாக்கிக் கணக்கும்

ஆண்டு விழா மலருக்கு ஒரு வரலாற்றுக் கட்டுரை தருக என்று நம் சங்கச் செயலாளர் பணித்தபோது யாம் பெரிதும் தயங்கினோம். யாம் புலவர் அல்லேம்; கல்லூரிப் படியும் ஏறியதில்லை. பத்தாம் வகுப்புத் தேறி, இரயில்வேயில் எழுத்தராக அமர்ந்து, சீட்டு எண்ணுவதும் பணம் எண்ணுவதுமாக இருபது ஆண்டுகளைக் கழித்துள்ளோம். எண்ணுதல் ஒன்றே எமக்குத் தெரிந்த கலை. ஆதலின் எண்ணிக்கையைப் பற்றியே எழுதத் துணிந்தோம். அதிலும் சிறு வயது முதல் எம் நெஞ்சைக் கவர்ந்த ஹாக்கி ஆட்டத்தின் கணக்கைப் பற்றி.

எம் தந்தையார் சாம்பியன் ரீப் சுரங்கத்தில் பாறை சரியாதபடி மரமுட்டுக் கொடுக்கும் தொழிலாளி. வட ஆர்க்காட்டிலிருந்து பிழைப்புத் தேடி வந்த குடும்பம் எம்முடையது. அவரிடம் ஒரு நீண்ட குறிப்பேடு இருந்தது. வானொலியில் கேட்ட ஒலிம்பிக் ஆட்டங்களும், நம் காலனி இளைஞர்கள் ஞாயிறு மாலைகளில் செம்மண் திடலில் ஆடிய ஆட்டங்களும் அதில் ஒன்றன்கீழ் ஒன்றாக எழுதப்பட்டிருக்கும். தியான் சந்துக்கும் நம் தெருப் பையனுக்கும் அக்குறிப்பேட்டில் வேற்றுமை இல்லை. இருவருக்கும் ஒரே பேனா, ஒரே கோடு.

உலகறிந்த கணக்கை முதலில் கூறுவோம். 1928-இல் ஆம்ஸ்டர்டாம் நகரில் இந்தியா ஐந்து ஆட்டங்கள் ஆடி 29 கோல்கள் அடித்தது. எதிரணியினர் அடித்தது ஒன்றும் இல்லை. 1932-இல் லாஸ் ஏஞ்சலிசில் இரண்டே ஆட்டங்கள். ஜப்பானுக்கு எதிராக 11, அமெரிக்காவுக்கு எதிராக 24. அந்த 24-இல் ரூப் சிங் 10 கோல்களும், அவர் தமையனார் தியான் சந்த் 8 கோல்களும் அடித்தனர். 1936-இல் பெர்லினில் ஐந்து ஆட்டங்களில் 38 கோல்கள். அவ்வாண்டு ஆகஸ்டு 15-ஆம் நாள் இறுதி ஆட்டத்தில் ஜெர்மனியை 8-1 என்று வென்றோம். விடுதலைக்குப் பின்னர், 1948-இல் இலண்டனில் ஐந்து ஆட்டங்களில் 25 கோல்கள். இறுதியில் பிரிட்டனையே 4-0 என்று வென்ற செய்தி கேட்டு நாடு பூரித்தது. 1952-இல் ஹெல்சிங்கியில் மூன்று ஆட்டங்களில் 13. 1956-இல் மெல்போர்னில் ஐந்து ஆட்டங்களில் 38.

அன்பர்கள் இவற்றைக் கூட்டிப் பார்க்க வேண்டுகிறோம். ஆறு ஒலிம்பிக்குகளில் நாம் அடித்தவை 178. வாங்கியவை ஏழே ஏழு. ஆட்டங்களின் தொகையை மட்டும் சில வெளியீடுகள் 24 என்று அச்சிட்டுள்ளன. யாம் கூட்டினால் 25 வருகிறது. மாலையில் பணப்பெட்டியின் கணக்கு நேராகாவிடில் எழுத்தனுக்கு உறக்கம் ஏது? மும்முறை கூட்டினோம், 25-தான். 1960-இல் ரோமில் மேலும் ஐந்து ஆட்டங்களை வென்று, பின்னர் இறுதியில் பாகிஸ்தானிடம் 0-1 என்று தோற்றோம். தொடர் வெற்றிகள் 30 என்று யாவரும் கூறுகின்றனர். முப்பதில் ஐந்து போக இருபத்தைந்து அன்றோ? ஒருவர் பிழையாக எழுதியதைப் பலர் கூட்டிப் பாராமலே படியெடுத்தால், வென்ற ஆட்டம் ஒன்றும் காணாமற் போய்விடுகிறது.

ஓர் ஆட்டம் போனால் என்ன என்று கேட்கலாம். தன்ராஜ் பிள்ளையின் வரலாற்றைப் பாருங்கள். புனாவுக்கு அருகில் கட்கியில், படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில், தமிழ்ப் பெற்றோருக்கு 1968-இல் பிறந்தவர் அவர். நம்மைப் போன்றே பிழைப்பை நாடி வெளி மாநிலம் சென்ற குடும்பம். முறிந்த மட்டைகளை ஒட்டவைத்து ஆடிப் பழகிய அச்சிறுவர், நான்கு ஒலிம்பிக்குகளிலும் நான்கு உலகக் கோப்பைப் போட்டிகளிலும் இந்தியாவுக்காக ஆடினார். அவர் ஆடிய பன்னாட்டு ஆட்டங்கள் 339 என்று அறிகிறோம். அடித்த கோல்கள் எத்தனை? நூற்றெழுபதுக்கு மேல் இருக்கும் என்பது மதிப்பீடே. அதிகாரபூர்வமான கணக்கை எவரும் வைக்கவில்லை. நம் காலத்தில், நம் கண்முன் ஆடியவருக்கே இந்நிலை.

கணக்கு வைக்கும் பழக்கம் இந்நாட்டில் இல்லை என்று சொல்ல இயலாது. நம் தங்கவயலே சான்று. 1880-இல் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்கு வந்த நாள் முதல் பொன்னின் எடை அணுவளவும் தவறாது எழுதப்பட்டது. நூற்றிருபது ஆண்டுகளில் எண்ணூறு டன்னுக்கு மேற்பட்ட பொன் இம்மண்ணிலிருந்து சென்றது என்று இன்றும் கூற முடிகிறது. 1894-இல் மாரிகுப்பத்துக்கு இரயில் வந்தது. 1902-இல் சிவசமுத்திரத்திலிருந்து மின்சாரம் வந்தது. இவையும் பதிவில் உள்ளன. தொழிலாளரையும் கம்பெனியார் எண்ணாமல் இல்லை. 1930-இல் ஒவ்வொருவரின் கைரேகையையும் பதிவு செய்ய முற்பட்டபோது, நம் முன்னோர் அதனை எதிர்த்து வேலைநிறுத்தம் செய்தனர். தம்மைக் குற்றவாளிகளைப் போல் எண்ணுவதை அவர்கள் ஏற்கவில்லை.

ஆகவே, எண்ணிக்கை இருவகைப்படும் என்று யாம் கருதுகிறோம். உடைமையாளன் தன் பொருளை எண்ணுவது ஒன்று. அன்புடையவன் தன் மக்களை எண்ணுவது மற்றொன்று. முதல் வகைக்குச் சம்பளம் பெறும் எழுத்தர்கள் உண்டு. யாமும் அவர்களில் ஒருவர். இரண்டாம் வகைக்குச் சம்பளம் இல்லை. எம் தந்தையாரைப் போன்றவர்கள் தாமே எழுதினால்தான் உண்டு.

அவர் குறிப்பேட்டில் ஒரு தனிச்சிறப்பு இருந்தது. யார் கோல் அடித்தார் என்று எழுதுவதோடு, யார் கோல் காத்தார் என்பதையும் தவறாமல் எழுதுவார். சிறுவனாக இருந்தபோது காரணம் வினவினோம். “அடித்தவன் பெயரை ஊரே சொல்லும்; தடுத்தவன் பெயரை நாம்தான் எழுத வேண்டும்” என்றார். 1928-இல் எதிரணியினர் பெற்ற எண் சுழியம் என்றோம் அல்லவா? அச்சுழியத்துக்கு உரியவர் கோல்காவலர் ரிச்சர்டு ஆலன். இருபத்தொன்பது கோல்கள் கண்ணுக்குத் தெரியும். நிகழாத கோல்கள் தெரியா.

இதன் பொருள் எமக்குப் பின்னாளில்தான் விளங்கிற்று. பூமிக்கடியில் மூன்று கிலோமீட்டருக்கு மேல் ஆழ்ந்து சென்ற அச்சுரங்கத்தில், மரமுட்டுக் கொடுப்பவரின் உழைப்பும் சுழியமாகவே காணப்படும். பாறை சரிந்தால் பதிவேட்டில் எழுதுவர். சரியாத நாளை யார் எழுதுவார்? விபத்தின்றி வண்டி போய்ச் சேர்ந்த நாளில் கைகாட்டிக்காரரை யார் நினைக்கிறார்கள்? சிறு சம்பளத்தில் மாதக் கடைசி வரை அடுப்பணையாமல் காத்த நம் தாய்மாரும் கோல்காவலர்களே.

அக்குறிப்பேடு இன்று எங்கே என்று அன்பர்கள் கேட்கக்கூடும். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரி 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. அடுத்த சில திங்களில், இருந்த பொருள்களைக் குறைத்துச் சிறு வீட்டுக்குப் போக நேர்ந்தது. அப்போது பழைய தாள்களோடு தாளாக அதனையும் எடைக்குப் போட்டவர் யாமே. தராசில் ஒரு பக்கம் அக்குறிப்பேடு. மறுபக்கம் இரும்புக் கல். தந்தையார் திண்ணையில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு சொல்லும் சொல்லவில்லை. பிழை எம்முடையது. அவர் மறைந்த பின்னரே, எழுதியிருந்த பெயர்களில் நான்கைந்துக்கு மேல் எமக்கு நினைவில்லை என்பதை உணர்ந்து வருந்தினோம்.

இன்று மாரிகுப்பம் வண்டியில் விடியற்காலையில் நம் பிள்ளைகள் பெங்களூருக்கு வேலைக்குச் செல்கின்றனர். இருட்டிய பின் திரும்புகின்றனர். எத்தனை சீசன் சீட்டுகள் விற்றன என்று கணிப்பொறி ஒரு நொடியில் சொல்லும். அவர்களுள் எவன் ஞாயிற்றுக்கிழமை நன்றாக ஆடுகிறான் என்பதை அது சொல்லாது.

ஆகவே சங்கத்தாருக்கும் காலனிவாழ் குடும்பத்தாருக்கும் ஒரு விண்ணப்பம். விழா நாளன்று மண்டபத்து வாயிலில் ஒரு புதிய குறிப்பேடு வைக்கப்படும். உங்கள் இல்லத்துப் பெரியவர்களைக் கைப்பிடித்து அழைத்து வாருங்கள். எந்தத் திடலில், யாரோடு ஆடினார்கள், யார் அடித்தார், யார் தடுத்தார் என்று அவர்கள் சொல்லச் சொல்ல எழுதிக்கொள்வோம். ஆண்டு நினைவில்லையெனில் இடம் விட்டு வைப்போம். வேறொருவர் வந்து நிரப்புவார். முரண்பட்டால் இரண்டையும் எழுதி, பின்னர் கூட்டிப் பார்ப்போம்.

முதற்பக்கத்தில் எமக்கு நினைவுள்ள அந்த நான்கைந்து பெயர்களை யாமே எழுதி வைக்கிறோம். மற்றப் பக்கங்கள் உங்களுடையவை.